கார் தானாக ஓடினாலும் கையெழுத்து உங்களுடையது

கேள்வி: புதுக்கோட்டை மாவட்டம் கீரமங்கலத்தில் பூ கமிஷன் கடை வைத்திருக்கிறேன். வயது 38. 2007-ல் கார், பைக் இரண்டுக்கும் சேர்த்து லைசென்ஸ் எடுத்தேன். 29 வயதில் முதன்முதலாக வலிப்பு வந்தது. பிறகு மூன்று தடவை வந்தது. கடைசியாக வந்து நான்கு வருடம் ஆகிறது. மாத்திரையை ஒரு வேளைகூட விட்டதில்லை. முதல் தடவை வந்த நாளிலிருந்து வண்டியைத் தொடவில்லை. கடைக்கு, ஆஸ்பத்திரிக்கு, ஆடி மாத மொய் விருந்துக்கு என்று எங்கே போவதானாலும் இன்னொருவர் தயவை எதிர்பார்த்து நிற்கிறேன்.

இப்போது வரும் கார்கள் தானே பிரேக் போடுகின்றன, கோட்டுக்குள் தானே ஓடுகின்றன. அமெரிக்காவில் இருக்கும் மைத்துனர், டிரைவரே இல்லாத டாக்ஸியில் போன வீடியோவை அனுப்பினார். (1) அந்த மாதிரி வசதியுள்ள கார் வாங்கினால் நான் ஓட்டலாமா? (2) லைசென்ஸ் 2027-ல் முடிகிறது. புதுப்பிக்கும்போது வலிப்பைச் சொல்ல வேண்டுமா? ஏஜென்ட், ‘அதையெல்லாம் எழுதாதீங்கண்ணே’ என்கிறார். (3) விபத்து என்றால் இன்சூரன்ஸ் கிடைக்குமா?

– பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்: முதலில் ஒரு பாராட்டு. யாரும் சொல்லாமலே ஒன்பது வருடமாக வண்டியைத் தொடாமல் இருக்கிறீர்கள். சட்டம் உங்களிடம் எதிர்பார்ப்பதும் அதைத்தான். இனி, கேட்ட வரிசையிலேயே சொல்கிறேன்.

1. தானாக ஓடும் கார்

இங்கே இரண்டு வேறு சரக்குகளை ஒரே பெயரில் பேசுகிறோம். உங்கள் மைத்துனர் போனது வேமோ போன்ற நிறுவனத்தின் டாக்ஸியாக இருக்கலாம். அமெரிக்காவின் ஃபீனிக்ஸ் நகரில் 2020 அக்டோபரிலேயே ஸ்டீயரிங்குக்குப் பின்னால் ஆள் இல்லாமல் பொதுமக்களை ஏற்றத் தொடங்கிவிட்டார்கள். அதில் ஏறுபவர் பயணி. அவருக்கு லைசென்ஸ் வேண்டாம், கண் பார்வைகூட வேண்டாம். 2015-ல் டெக்ஸாஸ் மாநிலத்தின் ஆஸ்டின் நகரில், பார்வை இழந்த ஸ்டீவ் மஹான் என்பவர் ஸ்டீயரிங்கும் பெடலும் இல்லாத கூகுள் காரில் தன்னந்தனியாகப் பொதுச்சாலையில் போய்வந்தார்.

நம் ஊர் ஷோரூமில் ‘ஏடாஸ்’ என்று சொல்லி விற்பது அது அல்ல. வாகனத் தானியக்கத்தைச் சுழியம் முதல் ஐந்து வரை ஆறு நிலைகளாகப் பிரிக்கிறார்கள். நம்மிடம் மஹிந்திரா எக்ஸ்யூவி 700, ஹோண்டா சிட்டி ஹைபிரிட், டாடா ஹாரியர் போன்ற கார்களில் வந்திருப்பது இரண்டாம் நிலை. முன்னே போகும் வண்டியைப் பார்த்து வேகத்தைக் கூட்டும், குறைக்கும். கோட்டை விட்டு விலகினால் ஸ்டீயரிங்கைச் சற்றுத் திருப்பும். ஆனால் ஓட்டுவது நீங்கள்தான். கை ஸ்டீயரிங்கிலும் கண் சாலையிலும் இருந்தாக வேண்டும். டாக்ஸியாக ஓடும் ஆளில்லாக் கார் நான்காம் நிலை. இரண்டுக்கும் நடுவே இருப்பது வசதிப் பட்டியலில் இன்னும் இரண்டு வரி அல்ல, பொறுப்பு யாருடையது என்ற கேள்வி.

வலிப்பு உள்ளவருக்கு இந்த இரண்டாம் நிலை ஏன் காவலாகாது என்பதையும் யோசியுங்கள். இந்தக் கார்களில் மனிதர் செய்வதே மேலோங்கும் என்பது அடிப்படை. ஆக்சிலேட்டரை அழுத்தினால் தானியங்கி வேகக் கட்டுப்பாடு விட்டுக்கொடுக்கும்; ஸ்டீயரிங்கை அழுத்தித் திருப்பினால் கோட்டுக்குள் வைக்கும் வசதியும் விட்டுக்கொடுக்கும். உடல் விறைக்கிற வலிப்பில் கால் ஆக்சிலேட்டரை மிதித்தபடி விறைத்துக்கொண்டால், கார் அதை உங்கள் கட்டளையாகவே எடுத்துக்கொள்ளும். போதாக்குறைக்கு, கோட்டைப் பார்த்து ஓடும் கார் ஆலங்குடியிலிருந்து கீரமங்கலம் வரும் வழியில் எத்தனை இடத்தில் கோட்டைக் கண்டுபிடிக்கும் என்பது உங்களுக்கே தெரியும். குறுக்கே ஆடு வரும், எதிரே விளக்கில்லாத டிராக்டர் வரும்.

சட்டம் என்ன சொல்கிறது? மோட்டார் வாகனச் சட்டம், 1988, பிரிவு 3, செல்லுபடியாகும் லைசென்ஸ் இல்லாமல் பொது இடத்தில் எவரும் வண்டி ஓட்டக் கூடாது என்கிறது. அந்த ‘எவரும்’ மனிதர். காரே ஓட்டுநர் என்று ஏற்கும் பிரிவு எதுவும் நம் சட்டத்தில் இல்லை. 2019 திருத்தம் 2பி என்றொரு பிரிவைச் சேர்த்தது. ஆராய்ச்சிக்காகவும் புதுமைக்காகவும் சில வகை வாகனங்களுக்கு மத்திய அரசு இச்சட்டத்திலிருந்து விலக்குத் தரலாம் என்கிறது அது. அது சோதனைக்கான கதவு. நீங்களும் நானும் கடைக்குப் போக அல்ல. மத்திய அமைச்சர் நிதின் கட்கரியோ, ஓட்டுநர்களின் வேலை பறிபோகும் என்று காரணம் காட்டி, ஆளில்லாக் கார்களை அனுமதிக்கப் போவதில்லை என்று 2017-லும் பின்னர் 2023-லும் வெளிப்படையாகச் சொன்னவர்.

பிரிட்டன் 2024-ல் தானியங்கி வாகனங்களுக்கென்று தனிச் சட்டமே கொண்டுவந்தது. அதிலும் இரண்டு வகை. தேவைப்பட்டால் ஓட்டுவதற்கு ஒரு பொறுப்பாளர் உட்கார்ந்திருக்க வேண்டிய கார் என்றால், அவர் லைசென்ஸும் உடல் தகுதியும் உள்ளவராக இருக்க வேண்டும். பொறுப்பாளரே தேவையில்லாத கார் என்றால், உள்ளே இருப்பவர் பயணி. உங்களுக்கு விடுதலை தரக்கூடியது இந்த இரண்டாவது வகை மட்டுமே. அது இன்னும் புதுக்கோட்டைக்கு வரவில்லை.

2. படிவத்தில் ‘ஆம்’ எழுதுவதா?

லைசென்ஸுக்கு விண்ணப்பிக்கும்போது படிவம் 1 என்ற உறுதிமொழி உண்டு. அதன் முதல் கேள்வியே, உங்களுக்கு வலிப்பு நோயோ திடீரென நினைவிழத்தலோ தலைசுற்றலோ உண்டா என்பதுதான். 2007-ல் நீங்கள் ‘இல்லை’ என்று எழுதியது உண்மை. 2027-ல் அதையே எழுதினால் பொய். அதற்குள் உங்களுக்கு 40 வயது ஆகிவிடும் என்பதால், படிவம் 1ஏ என்ற மருத்துவச் சான்றும் வேண்டும். அதில் நீங்கள் ஓட்டத் தகுதியானவர்தானா என்று மருத்துவர் சான்று சொல்லிக் கையெழுத்திட வேண்டும்.

ஏஜென்ட் பேச்சைக் கேட்டால் என்ன ஆகும்? தவறான தகவல் தந்து பெற்ற லைசென்ஸைப் பிரிவு 19-ன்படி ரத்து செய்யலாம். ஆபத்தை உண்டாக்கும் நோய் இருப்பது தெரிந்தே ஓட்டினால் பிரிவு 186-ன்படி முதல் முறை 1,000 ரூபாய் வரையும், மறுமுறை 2,000 ரூபாய் வரையும் அபராதம். தொகை சின்னதுதான். ‘தெரிந்தே’ என்ற சொல்தான் பெரியது. வாழ்நாளில் முதல் வலிப்பு ஸ்டீயரிங்கில் வந்த ஒருவர், எதிர்பாராதது என்று நீதிமன்றத்தில் சொல்லலாம். உங்களால் சொல்ல முடியாது. மருந்துச் சீட்டே உங்களுக்கு எதிரான சாட்சி. ஒரு உயிர் போனால், கவனக்குறைவால் மரணம் விளைவித்தல் என்று பாரதிய நியாய சன்ஹிதா பிரிவு 106-ன் கீழ் ஐந்து ஆண்டு வரை சிறை. தெரிந்தே செய்தார் என்று அரசுத் தரப்பு இன்னும் கடுமையான பிரிவைக் கேட்கவும் இடம் இருக்கிறது. அப்போது ஏஜென்ட் கூண்டில் ஏற மாட்டார்.

சரி, ‘ஆம்’ என்று எழுதினால் கதை முடிந்ததா? இல்லை. இங்கேதான் பலரும் சட்டத்தைத் தவறாகப் புரிந்திருக்கிறார்கள். பழைய 1939-ம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம், லைசென்ஸ் பெறவே முடியாத நோய்களின் பட்டியலில் வலிப்பை வைத்திருந்தது. 1988 சட்டத்தில் அந்தப் பட்டியல் இல்லை. மக்களுக்கு ஆபத்து விளைவிக்கக்கூடிய நோய் என்று தெரிந்தால் மறுக்க வேண்டும் என்றுதான் பிரிவு 8(4) சொல்கிறது. நோயின் பெயரைப் பார்த்து அல்ல, ஆபத்தைப் பார்த்து முடிவெடுக்கச் சொல்கிறது. ஏற்கெனவே உள்ள லைசென்ஸையும் பிரிவு 16-ன்படி ரத்து செய்யலாம், அல்லது மருத்துவச் சான்று கேட்கலாம்.

ஆனால் நடைமுறை அப்படி இல்லை. எத்தனை வருடம் வலிப்பில்லாமல் இருந்தால் ஆபத்து நீங்கிவிட்டது என்று சட்டமும் சொல்லவில்லை, விதிகளும் சொல்லவில்லை. அளவுகோல் இல்லாத இடத்தில் அதிகாரி ‘மறுப்பு’ என்று எழுதுவதே அவருக்குப் பாதுகாப்பு. பிரிட்டனில் ஓராண்டு வலிப்பில்லாமல் இருந்தால் கார் ஓட்ட அனுமதி கேட்கலாம். லாரி, பஸ் என்றால் மாத்திரையே இல்லாமல் பத்து ஆண்டுகள். கண்டிப்பு, கருணை இரண்டுமே அங்கே எண்ணில் எழுதப்பட்டிருக்கின்றன. நம்மிடம் எண் இல்லாததால், உண்மை சொல்பவர் லைசென்ஸை இழக்கிறார், மறைப்பவர் ஓட்டிக்கொண்டு போகிறார். சாலைக்கு இதைவிடக் கெட்ட ஏற்பாடு வேறு இல்லை.

ஆகவே நீங்கள் செய்ய வேண்டியது: விண்ணப்பத்துக்கு முன்பே உங்கள் நரம்பியல் மருத்துவரிடம் விரிவான கடிதம் வாங்குங்கள். எந்த வகை வலிப்பு, கடைசியாக வந்த தேதி, என்ன மருந்து, எவ்வளவு, தூக்கத்தில் வந்ததா விழிப்பில் வந்ததா, முன்னறிகுறி உண்டா, இப்போது கார் ஓட்டத் தகுதி உண்டா என்பதெல்லாம் அதில் இருக்கட்டும். படிவத்தில் ‘ஆம்’ என்று எழுதி அந்தக் கடிதத்தை இணையுங்கள். சொந்தக் காருக்கு மட்டும் கேளுங்கள். பூ ஏற்றும் சரக்கு வண்டிக்குக் கேட்காதீர்கள். மறுத்தால், காரணத்தோடு எழுத்தில் ஆணை தர வேண்டியது பிரிவு 17-ன்படி அவர்கள் கடமை. வாய்வார்த்தையில் திருப்பி அனுப்பினால் வந்துவிடாதீர்கள், எழுத்தில் கேளுங்கள். ஆணை கையில் கிடைத்த 30 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம். அங்கும் நோயின் பெயரை மட்டும் பார்த்து மறுத்தால், புதுக்கோட்டை மாவட்டத்துக்கு அதிகாரம் உள்ள சென்னை உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் ரிட் மனு போடலாம். வெற்றி உறுதி என்று சொல்ல மாட்டேன். ஆனால் நான்கு ஆண்டு வலிப்பில்லை என்ற மருத்துவச் சான்றோடு நிற்பவர் வெறுங்கையோடு நிற்பவர் அல்ல.

இன்னொன்று. மாற்றுத்திறனாளிகளுக்கென மாற்றியமைத்த வாகனத்துக்கு லைசென்ஸ் தர சட்டத்தில் இடமுண்டு. அது கை, கால் குறைபாட்டுக்குப் பயன்படும், வலிப்புக்குப் பொருந்தாது. 2016-ம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பட்டியலிடும் 21 வகைகளிலும் வலிப்பு தனியாக இடம்பெறவில்லை. எனவே அந்த வழியாக இலவச பஸ் பாஸும் இதை மட்டும் காட்டிக் கிடைக்காது. உங்கள் ஏமாற்றம் நியாயமானது.

3. இன்சூரன்ஸ்

லைசென்ஸ் மறுக்கப்பட்டபின் அல்லது ரத்தான பின் ஓட்டினால், உங்கள் காரின் சேதத்துக்கும் உங்கள் காயத்துக்கும் பணம் கிடைக்காது என்றே வைத்துக்கொள்ளுங்கள். அடிபட்ட மூன்றாம் நபர் விஷயம் வேறு. 2004-ல் ஸ்வரண் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் வகுத்த வழியில், கம்பெனி முதலில் அவருக்குக் கொடுத்துவிட்டுப் பிறகு வண்டி உரிமையாளரிடம் வசூலிக்கும்படி உத்தரவாகலாம். வசூல் உங்கள் கடை வாசலுக்குத்தான் வரும். வண்டி உங்கள் தம்பியுடையது என்றால், லைசென்ஸ் இல்லாதவருக்குச் சாவி கொடுத்த குற்றத்துக்குப் பிரிவு 180-ன்படி அவருக்கு மூன்று மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் அபராதம் அல்லது இரண்டும். ‘கார்தான் ஓட்டியது, நான் சும்மா உட்கார்ந்திருந்தேன்’ என்ற வாதம், ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்திருக்கும்வரை எங்கும் செல்லாது.

கடைசியாக

சட்டம் மாறாது என்று நினைக்காதீர்கள். இந்து திருமணச் சட்டத்தில், வலிப்பு உள்ளவரைப் பைத்தியத்தோடு சேர்த்து எழுதித் திருமணத் தகுதியைப் பறித்திருந்த வரி 1999-ல் நீக்கப்பட்டது. வலிப்பு வந்தவர் கையில் இரும்பைத் திணிக்கிற ஊரில்கூட அந்த மாற்றம் வந்தது. அதேபோல, வலிப்பில்லாத காலம் இத்தனை ஆண்டு என்று ஒரு எண் வாகன விதிகளிலும் ஏறலாம். உங்கள் தொகுதி எம்.பி.க்கும், மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்துக்கும் உங்கள் கதையை ஒரு பக்கத்தில் எழுதி அனுப்புங்கள். ஆளில்லாக் கார்களுக்கு விதி எழுதும் நாள் வரும்போது, உள்ளே உட்காரும் பயணிக்கு உடல் தகுதி கேட்காதீர்கள் என்றும் அதிலேயே சேர்த்து எழுதுங்கள்.

அதுவரை? உங்கள் கடிதத்தில் மனைவியைப் பற்றி ஒரு வரியும் இல்லை. 1990-களின் தொடக்கத்தில், கலெக்டர் ஷீலா ராணி சுங்கத் காலத்து அறிவொளி என்ற எழுத்தறிவு இயக்கத்தில், இதே புதுக்கோட்டை மாவட்டத்துக் கிராமத்துப் பெண்கள் ஆயிரக்கணக்கில் சைக்கிள் பழகினார்கள். யாரையும் எதிர்பார்க்காமல் தண்ணீருக்கும் வேலைக்கும் சந்தைக்கும் போனார்கள். அன்று ஊர் சிரித்தது, பிறகு பழகிக்கொண்டது. உங்கள் வீட்டில் ஒருவர் கார் பழகினால் ஆறு மாதத்தில் சாவி வீட்டுக்குள்ளேயே இருக்கும். அவருக்கும் விருப்பம் இருந்தால், எல்.எல்.ஆர். விண்ணப்பத்தை இந்த மாதமே போடச் சொல்லுங்கள். நரம்பியல் மருத்துவரிடம் கடிதம் கேட்பதையும் 2027 வரை தள்ளிப்போடாதீர்கள். அடுத்த முறை மாத்திரை வாங்கப் போகும்போதே கேளுங்கள்.