கருவையும் காக்கும் சோதனை

1957ஆம் ஆண்டு மேற்கு ஜெர்மனியில் ‘தாலிடோமைட்’ எனும் தூக்க மருந்து விற்பனைக்கு வந்தது. கர்ப்பிணிகளின் குமட்டலையும் தணித்ததால், பல நாடுகளில் மருத்துவர்கள் அதனைப் பரிந்துரைத்தனர். பின்னர், அம்மருந்தை உட்கொண்ட தாய்மார்கள் பலருக்குக் கைகால் வளர்ச்சி குன்றிய குழந்தைகள் பிறந்தன. உலகளவில் 10,000க்கும் மேற்பட்ட குழந்தைகள் பாதிக்கப்பட்டனர். 1961 நவம்பரில் ஜெர்மனியில் அதன் விற்பனை நிறுத்தப்பட்டது.

அமெரிக்காவில் பாதிப்பு மிகக் குறைவாகவே இருந்தது. அங்கு மருந்துகளை ஆராயும் அதிகாரியாகப் பணியாற்றிய பிரான்சிஸ் கெல்சி, பாதுகாப்புக்குப் போதிய சான்றுகள் இல்லை எனக் கூறி, விற்பனைக்கு ஒப்புதல் தர மறுத்ததே அதற்குக் காரணம்.

பிற்கால ஆய்வுகள் வியப்பான ஓர் உண்மையை வெளிப்படுத்தின. சினையுற்ற எலிகளுக்கு இம்மருந்தைக் கொடுத்தபோது, குட்டிகளுக்குக் கைகால் குறை ஏற்படவில்லை. முயல் குட்டிகளிலோ அக்குறை தென்பட்டது. ஆகவே, இன்று புதிய மருந்துகள் பொதுவாக எலி, முயல் ஆகிய இருவகை விலங்குகளிலும் சோதிக்கப்படுகின்றன. கருவின் உறுப்புகள் உருவாகும் நாள்களில் தாய் விலங்குகளுக்கு வெவ்வேறு அளவுகளில் மருந்து கொடுக்கப்படுகிறது. பின்னர், கருவிலுள்ள குட்டிகளின் எடை, எலும்பு, உள்ளுறுப்புகள் ஆகியவை, மருந்து கொடுக்கப்படாத விலங்குகளின் குட்டிகளோடு ஒப்பிடப்படுகின்றன.

தாய்க்குத் தீங்கு செய்யாத மருந்து கருவுக்கும் தீங்கு செய்யாது என்று எண்ணிவிடக் கூடாது. இதுவே தாலிடோமைட் உலகுக்குக் கற்பித்த பாடம்.