தொட்டால் சுருங்குவதெல்லாம் தொட்டாச்சிணுங்கி அல்ல!



டிப்ளமா படிக்கும் நமக்குத் தாவரவியல் பாடம் கிடையாது. "சிவில்காரனுக்குச் செடியோட என்னல வேலை?" என்று விடுதியிலேயே ஒரு நண்பன் என்னைக் கேட்டான். நியாயமான கேள்விதான். ஆனால் ரப்பர் தோட்டத்துக்குள்ளே செயினும் ரேஞ்சிங் ராடும் தூக்கிக்கொண்டு நடக்கிறவர்கள் நாம். நாளைக்கு ஒரு விளையில் மண் எடுத்து இன்னொரு விளையில் கொட்டச் சொல்லப் போகிறவர்களும் நாமேதான். ஆகவே நம் குமரி மாவட்டத்தில் ஒன்றுபோலவே தெரிகிற இரண்டு முட்செடிகளைப் பிரித்தறிவது எப்படி என்று இந்த ஆண்டு மலரில் எழுத விரும்பினேன்.

முதல் செடியை எல்லோருக்கும் தெரியும். வயல் வரப்பிலும் மைதான ஓரத்திலும் தரையோடு தரையாகப் படர்ந்து கிடக்கும் தொட்டாச்சிணுங்கி. விளவங்கோடு பக்கம் மலையாள வாடையோடு 'தொட்டாவாடி' என்பார்கள். 1753-ல் லின்னேயஸ் இதற்கு வைத்த பெயர் மைமோசா புடிகா. 'புடிகா' என்றால் லத்தீனில் நாணமுள்ளவள் என்று பொருள். பொருத்தமான பெயர்!

இரண்டாவது செடி இதன் முரட்டு அண்ணன். மலையாளத்தில் 'ஆனத்தொட்டாவாடி'. நாம் ஆனைத் தொட்டாவாடி என்றே சொல்லிக்கொள்வோம். இதன் அறிவியல் பெயர் மைமோசா டிப்ளோட்ரைக்கா. பழைய புத்தகங்களில் மைமோசா இன்விசா என்று இருக்கும். இரண்டுமே வெப்பமண்டல அமெரிக்காவிலிருந்து வந்தவை. இரண்டும் அவரைக் குடும்பம். வேர் முடிச்சுகளில் உள்ள பாக்டீரியாவின் உதவியால் காற்றிலுள்ள நைட்ரஜனை மண்ணில் சேர்ப்பவை. இந்த நல்ல குணத்துக்காகத்தான் ஆனைத் தொட்டாவாடியைப் பல நாடுகளில் தோட்டங்களுக்கு மூடுபயிராகக் கொண்டுவந்தார்கள். வந்த விருந்தாளி வீட்டையே பிடித்துக்கொண்டது!

தொட்டுப் பார்த்தால் போதாதா?

போதாது. இரண்டுமே சுருங்கும். இலைக்காம்பின் அடியில் சின்னதாக ஒரு வீக்கம் இருக்கும். அதற்குப் பல்வினஸ் என்று பெயர். அதன் செல்களுக்குள் தண்ணீர் அழுத்தத்தோடு நிறைந்திருப்பதால் இலை விரிந்து நிற்கிறது. தொட்டவுடன் ஒரு மின் துடிப்பு ஓடுகிறது. பொட்டாசியம், குளோரைடு அயனிகள் செல்லை விட்டு வெளியேற, பின்னாலேயே தண்ணீரும் போய்விடுகிறது. அழுத்தம் குறைகிறது, இலை மடிகிறது. மெக்கானிக்கல் நண்பர்களுக்குப் புரியும்படி சொன்னால், ஹைட்ராலிக் ஜாக்கில் எண்ணெயைத் திறந்துவிட்ட கதைதான். சில நிமிடங்களில் தண்ணீர் திரும்ப ஏறி இலை விரிந்துவிடும். நம் நாட்டு விஞ்ஞானி ஜகதீஷ் சந்திர போஸ் இந்தத் துடிப்பை அளப்பதற்கென்றே கருவிகள் செய்தார். ஆனைத் தொட்டாவாடியிலும் இதே ஏற்பாடு உண்டு, கொஞ்சம் மெதுவாக மடியும். அவ்வளவுதான் வித்தியாசம்.

பூவைப் பார்த்தும் சொல்ல முடியாது. இரண்டிலும் இளஞ்சிவப்புப் பஞ்சு உருண்டைதான். பிறகு எதைப் பார்ப்பது?

1. தண்டு: ஒரு துண்டு வெட்டி, வெட்டுமுகத்தைப் பாருங்கள். நம் டிராயிங் வகுப்பின் 'செக்ஷன் வியூ' இங்கே உதவும்! தொட்டாச்சிணுங்கியின் தண்டு உருண்டைக் கம்பி. ஆனைத் தொட்டாவாடிக்கு விளிம்பு விளிம்பாக நான்கைந்து மூலைகள் இருக்கும். முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்.

2. முள்: தொட்டாச்சிணுங்கியில் அங்கொன்றும் இங்கொன்றுமாக இருக்கும். மற்றதில் ஒவ்வொரு விளிம்பிலும் ரம்பப் பல் மாதிரி வரிசையாக, கீழ்நோக்கி வளைந்த கொக்கிகள். சட்டையைப் பிடித்தால் விடாது. ஆனால் முள்ளே இல்லாத ஒரு வகையும் இதில் உண்டு. அதனால் முள் இல்லை என்பதை மட்டும் வைத்து முடிவு கட்டக் கூடாது.

3. இலை: தொட்டாச்சிணுங்கியின் காம்பு நுனியில் இரண்டு முதல் நான்கு கிளைகள், கை விரல் விரித்ததுபோல ஒரே இடத்திலிருந்து கிளம்பும். ஆனைத் தொட்டாவாடியில் ஒரு நடுநரம்பின் இருபக்கமும் நான்கு முதல் ஒன்பது ஜோடி வரை, பறவை இறகுபோல வரிசையாக இருக்கும். நாற்றுப் பருவத்தில் ஜோடிகள் குறைவாக இருக்கும் என்பதால், முதிர்ந்த இலைகளாக நாலைந்து பார்த்துச் சொல்லுங்கள்.

4. காய்: தொட்டாச்சிணுங்கிக் காயின் ஓரத்தில் மட்டும் முள்மயிர். மற்றதில் காயின் முகத்திலும் இருக்கும்.

5. வளர்த்தி: ஒன்று முழங்கால் அளவோடு நின்றுவிடும். மற்றது பக்கத்துச் செடிமேல் ஏறி ஆள் உயரத்தையும் தாண்டி, அடியில் உள்ளதை எல்லாம் மூடிவிடும்.

தெரிந்து என்ன பயன்?

பயன் இருக்கிறது. ஆனைத் தொட்டாவாடியைத் தின்ற மாடுகளுக்குச் சிறுநீரகம் கெட்டுப்போனதைக் கேரளக் கால்நடை மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். முள்ளுள்ளதை மாடே ஒதுக்கிவிடும். ஆனால் புல்லோடு புல்லாக அறுத்துக் கட்டி வந்து தொட்டியில் போட்டால்? முள்ளில்லாத வகை என்றால்? நம்மில் எத்தனையோ பேர் வீட்டில் பால் விற்ற காசுதான் கல்லூரிக் கட்டணம் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. அதிகாலை இருட்டில் பால்வெட்டுக்குப் போகும் தொழிலாளியின் காலைக் கிழிப்பதும் இதே முள்தான். அசாமில் காசிரங்கா தேசியப் பூங்காவின் புல்வெளியில் இது பரவி, காண்டாமிருகம் மேயும் புல்லையே அமுக்கிவிட்டது. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் இதை அடக்க 1988-ல் பிரேசிலிலிருந்து ஒரு பூச்சியைக் கொண்டுவந்து விட வேண்டியதாயிற்று.

தொட்டாச்சிணுங்கியும் பரம சாது அல்ல. மைமோசின் என்ற நச்சுப் பொருள் அதிலும் உண்டு. ஆனாலும் அண்ணன் செய்கிற அட்டகாசத்துக்கு அது ஈடாகாது.

நாம் செய்ய வேண்டியது

ஆனைத் தொட்டாவாடி என்று உறுதியானால், பூக்கும் முன்பே, மழை பெய்து மண் இளகியிருக்கும்போது, கையுறை போட்டு வேரோடு பிடுங்க வேண்டும். வெட்டுக்கத்தியால் மேலோடு சீவிவிட்டால் அடியிலிருந்து திரும்பத் தளிர்க்கும். காய்த்துவிட்டால் காய் துண்டு துண்டாக உடைந்து துணியிலும் ஆட்டு மயிரிலும் ஒட்டும், ஓடைத் தண்ணீரிலும் மிதந்து போகும். விதை மண்ணுக்குள் பல வருடம் உயிரோடு கிடக்கும்.

இங்கேதான் நம் தொழில் வருகிறது. அந்தச் செடி காய்த்த இடத்து மண்ணை ஒரு லோடு அள்ளினால், அதோடு விதையையும் சேர்த்து அள்ளுகிறோம். ரோட்டோரம் நிரப்பினால் ரோட்டோரமெல்லாம், வீட்டு மனைக்கு அடித்தால் மனையெல்லாம் முளைக்கும். எந்தப் புத்தகத்திலும் இதற்கு எஸ்டிமேட் போட்டிருக்க மாட்டார்கள். மண் எடுக்கும் இடத்தை முதலில் ஒரு சுற்று நடந்து பார்ப்பதும், அங்கே வேலை செய்த ஜேசிபி பக்கெட்டையும் டிப்பர் டயரையும் வெளியேறும் முன் கழுவச் சொல்வதும் நம்மால் முடிந்த காரியம்தானே?

நண்பர்களே! சர்வேயில் ஒரு ரீடிங்கை நம்பாமல் மறுபடி செக் பண்ணச் சொல்லித் தருகிறார்கள். செடிக்கும் அதே விதிதான். தொட்டுப் பார்த்து முடிவு கட்டாதீர்கள். தண்டைப் பாருங்கள், இலையை எண்ணுங்கள், பிறகு பெயர் சொல்லுங்கள். உருண்டை என்றால் தங்கச்சி, மூலை இருந்தால் அண்ணன்!