ஓயாது உழைக்கும் இருதயம்

நம் மார்புக் கூட்டினுள், இரு நுரையீரல்களுக்கும் நடுவே, சற்றே இடப்பக்கம் சாய்ந்து அமைந்துள்ளது இருதயம். மூடிய கையளவே உள்ள இவ்வுறுப்பு, வளர்ந்தோர்க்கு நிமிடத்திற்கு ஏறத்தாழ 72 முறை, நாளொன்றுக்கு ஒரு லட்சம் முறை துடிக்கின்றது. மணிக்கட்டில் விரல் வைத்தால் அத்துடிப்பை நாம் உணரலாம்.

இருதயத்தில் நான்கு அறைகள் உள்ளன. உடலைச் சுற்றிவந்த இரத்தம் சிரைகள் வழியே வலப்பக்க மேலறையை அடைந்து, கீழறைக்கு இறங்கி, நுரையீரலுக்குச் செல்கின்றது. அங்கே பிராணவாயுவைப் பெற்று இடப்பக்கம் திரும்புகின்றது. இடக் கீழறை அதனைத் தமனிகள் வழியே உடலெங்கும் செலுத்துகின்றது. அது பின்னோக்கிப் பாயாவண்ணம் வால்வுகள் தடுக்கின்றன. இச்சுற்றோட்டத்தை 1628இல் விளக்கியவர் ஆங்கில மருத்துவர் வில்லியம் ஹார்வி. தமனியையும் சிரையையும் இணைக்கும் நுண்ணிய குழாய்களே தந்துகிகள்.

உடலுக்கெல்லாம் இரத்தம் அனுப்பும் இருதயத்தின் தசைக்கும் இரத்தம் வேண்டும். அதனைக் கொணரும் தமனி அடைபட்டால் மாரடைப்பு உண்டாகின்றது. 1975இல் சென்னைப் பெரம்பூர் இரயில்வே மருத்துவமனையில், அடைப்பைத் தாண்டி மாற்றுவழி அமைக்கும் அறுவையை இந்தியாவிலேயே முதன்முதலாக வெற்றியுடன் செய்தார் டாக்டர் கே. எம். செரியன். நம் நாட்டில் தேசிய இருதயக் கழகம் 1992இல் தோன்றியது. எனினும், காலந்தாழ்ந்தால் தசை மடிந்துவிடும்.

பால்மரம் சீவச் சென்ற தந்தைக்கு நெஞ்சில் இறுக்கமும், கைவலியும், குளிர்ந்த வியர்வையும் கண்டால், 'வாயு' என்றெண்ணித் தைலம் தேய்த்துக் காத்திருத்தல் ஆகாது. உடனே 999ஐ அழைத்தல் வேண்டும். மாணவச் செல்வங்களே, இதனை இன்றிரவே பெற்றோருக்குப் படித்துக்காட்டுமாறு வேண்டுகிறோம்.