ஜீப்பு வண்டியின் பின்னச்சு

உப்பு வாணிகம் செய்த உமணர், பாரம் ஏற்றிய தம் வண்டியின் அடியில் மாற்றச்சு ஒன்றைக் கட்டிக்கொண்டே வழிக்கொண்டனர் என்பதைப் புறநானூற்றின் 102ஆம் பாட்டால் அறிகின்றோம். மேடும் பள்ளமுமான நெறியில் அச்சு எவ்விடத்து முறியும் என்பதை எவரும் முன்னறியார்; ஆதலின் அம் முன்னேற்பாடு. தமிழ் பயிலும் யாம் ஔவையாரின் அவ்வுவமை நயத்தைப் பாராட்டிக் கடந்துவிடுகின்றோம். அச்சு எவ்வாறு தேய்கின்றது, தேய்ந்ததை எங்ஙனம் சீர்செய்வது என்று வினவுவார் நம்முள் மிகச் சிலரே. அக்குறையை ஒருவாறு நீக்கக் கருதி, நான்கு சக்கரங்களுக்கும் விசை செல்லும் பழைய ஜீப்பு வண்டியின் பின்னச்சை இக்கட்டுரைக்குப் பொருளாகக் கொண்டோம்.

ஜீப்பு, இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்கப் படைக்காக வில்லிஸ் தொழிற்சாலையில் 1941ஆம் ஆண்டு முதற் பெருந்தொகையாகச் செய்யப்பட்டது. போர் முடிந்த சில ஆண்டுகளில் மகேந்திரா நிறுவனத்தார் அதன் உறுப்புகளை வருவித்துப் பம்பாயிற் பொருத்தலாயினர். அம்மரபில் வந்த வண்டிகள் பல, பலர் கைமாறி இன்றும் ஓடுகின்றன. புதுச்சேரி போன்ற கடற்கரை நகரில் அவற்றுக்குப் பகை மூன்று: உப்புக்காற்று, மணல், மழைநீர். 2024 நவம்பர் 30 அன்று ஃபெங்கல் புயல் கரை கடந்தபோது, ஒருநாட்பொழுதில் இந்நகரிற் பெய்த மழை 45 சென்டிமீட்டருக்கு மேற்பட்டது. ஓடிச் சூடேறிய அச்சுக்கூடு இத்தகைய வெள்ளத்தில் மூழ்கின், உள்ளிருக்கும் காற்றுக் குளிர்ந்து சுருங்கும். சுருங்கவே புறத்துநீர் உள்ளே ஈர்க்கப்படும். நீர் கலந்த எண்ணெய் மோர்போல் வெளுத்து வழுவழுப்பை இழக்கும். அதன்பின் இரும்போடு இரும்பு உராய்வதைத் தடுப்பார் இல்லை.

இனி அமைப்பைக் காண்போம். பின்னச்சின் நடுவே டிஃபரன்ஷியல் என்னும் பல்லிணை உளது. அதினின்று இருபுறமும் செல்லும் தண்டுகள் சக்கரங்களைச் சுழற்றுகின்றன. போர்க்கால ஜீப்பில் வண்டியின் எடையை அச்சுக்கூடே தாங்கும். தண்டுக்குச் சுழற்றும் வேலை ஒன்றே. பின்வந்த ஜீப்புகள் பலவற்றில் எடையைத் தாங்குவதும் சக்கரத்தைச் சுழற்றுவதுமாகிய இரண்டும் தண்டின் பொறுப்பாயின. இவ்விரண்டாம் வகையே இங்கு எடுத்துக்கொள்ளப்பட்டது. இதில் தண்டின் புறமுனையில் உள்ள பேரிங், சரிவான உருளைகளால் ஆயது. ஹென்றி டிம்கென் என்பார் 1898இல் உரிமை பெற்ற அமைப்பு இது. நேர் உருளை மேலிருந்து வரும் எடையையே நன்கு தாங்கும்; சரிந்த உருளையோ, வளைவில் வண்டி திரும்புங்கால் பக்கவாட்டில் எழும் உந்துதலையும் தாங்கும். பேரிங்குக்கு உட்புறம் ஓர் எண்ணெய்ச் சீல், பல்லிணையின் எண்ணெயை மறிக்கின்றது. வெளிப்புறம் மற்றொன்று, பேரிங்கின் கிரீஸ் பிரேக்கிற் படாமற் காக்கின்றது.

பேரிங் தேய்ந்தமையை மூன்று குறிகளால் அறியலாம். வேகத்தோடு உயரும் உறுமல் ஒலி கேட்கும். கிளட்சை அழுத்தினும் அவ்வொலி மாறாது. சக்கரத்தை மேலே தூக்கி இரு கையாலும் பற்றி அசைப்பின் ஆட்டம் தோன்றும். சக்கரத்தின் உட்புறத்தில் எண்ணெய்க் கசிவு காணப்படும். இம்மூன்றில் இறுதியானதே கொடியது. எண்ணெய் ஊறிய பிரேக் லைனிங் டிரம்மைப் பற்றாது வழுக்கும்; வேகமாகச் செல்லும் வண்டியைத் திடீரென நிறுத்த முயலின் அது ஒரு பக்கமாக இழுக்கும். சிறு ரப்பர் வளையம் ஒன்றின் பழுது, ஏறியிருப்போர் அனைவரின் உயிருக்கும் இறுதியாகலாம்.

வேலையைத் தொடங்குமுன் முன்சக்கரங்களுக்கு இருபுறமும் கட்டை வைத்தல் இன்றியமையாதது. பழைய ஜீப்புகளிற் கைபிரேக் சக்கரத்தைப் பற்றாது, பின்னச்சுக்குச் செல்லும் தண்டையே பற்றும். ஒரு பின்சக்கரம் நிலத்தைவிட்டு எழுந்ததும், டிஃபரன்ஷியலின் இயல்பால் மற்றது உருளக்கூடும்; கைபிரேக்கை நம்பினோர் ஏமாறுவர். ஜாக்கியை மட்டும் நம்பாது, அச்சுக்கூட்டின்கீழ் உறுதியான தாங்குகால் வைத்தல் வேண்டும்.

சக்கரத்தைக் கழற்றியபின் காட்டர் பின்னை நீக்கி நடுமரையைத் தளர்த்துக. ஹப்பு, சரிவான தண்டுமுனையில் இறுகப் பொருந்தியிருக்கும். அதனைப் புல்லர் என்னும் இழுகருவியாற் கழற்றுதலே முறை. தண்டின் முனையிற் சம்மட்டியால் அடிப்பின் அவ்வதிர்ச்சி உள்ளுறுப்புகளைத் தாக்கும். மரையை முற்றும் எடுத்துவிடாது, சில புரிகளில் நிறுத்தி வைப்பின், ஹப்பு விடுபடும்போது தெறித்துவிழாது. டிரம்மினுள் உள்ள தூசியை ஊதுதல் கூடாது. பழைய லைனிங்குகளில் நுரையீரலைக் கெடுக்கும் கல்நார் இருத்தல் கூடும். ஈரத்துணியால் துடைத்தலே நன்று.

பின்னர்ப் பிரேக் குழாயைக் கழற்றி, பின்தகட்டின் போல்ட்டுகளை நீக்குக. அங்குள்ள ஷிம் என்னும் மெல்லிய தகடுகளை எண்ணி, பக்கம் மாறாமற் பேணுக. தண்டின் முன்பின் அசைவை அளவுபடுத்துவன அவையே. தண்டை இழுத்து, பழைய பேரிங்கைப் பட்டறை அழுத்தியால் எடுப்பிக்கலாம். புதியதைப் பொருத்துங்கால் உள்வளையத்தின்மீதே அழுத்தம் படவேண்டும்; உருளைகளின்மீது படின் புதிய பேரிங்கும் அன்றே கெடும். புறவளையத்தையும் உடன் மாற்றுதல் வேண்டும். பழையதும் புதியதும் ஒன்றோடொன்று இசையா. உருளைகளின் இடையெல்லாம் நிரம்பும்படி கிரீஸை உள்ளங்கையால் அழுத்திச் செலுத்துக.

உட்சீலின் உதடு எண்ணெய் உள்ள பக்கத்தை நோக்கி இருத்தல் வேண்டும். தண்டிற் சீல் படியும் இடத்தில் பள்ளம் விழுந்திருப்பின் புதிய சீலும் கசியும். அச்சுக்கூட்டின் மேலுள்ள சிறு காற்றுத்துளையையும் நோக்குக. அது சேற்றால் அடைபட்டிருப்பின், சூட்டால் விரிந்த காற்று வெளியேற வழியின்றி எண்ணெயைச் சீலின்வழியே தள்ளும். சீலை மாற்றியும் கசிவு நில்லாமைக்குப் பல வேளைகளில் இதுவே காரணம். நோயின் முதல் நாடாது மருந்து மாற்றுவார் செயல் போல்வது.

இறுதியில் ஷிம்களை இருபுறமும் சமமாக அமைத்து, அசைவைக் கையேட்டிற் குறித்த அளவுக்குக் கொணர்க. நடுமரையை இறுக்கியபின் காட்டர் பின்னின் துளை நேர்படாவிடின், மேலும் இறுக்குவதன்றிப் பின்தளர்த்துதல் ஒருபோதும் கூடாது. எண்ணெய் ஊறிய லைனிங்கை இரு சக்கரங்களிலும் சேர்த்து மாற்றி, பிரேக் குழாயிலுள்ள காற்றை நீக்கி, அச்சில் புதிய எண்ணெய் நிரப்புக. சிறிது தொலைவு ஓட்டியபின் ஹப்பைத் தொட்டுப் பார்ப்பின், ஒரு பக்கம் மட்டும் மிகுதியாகச் சூடேறின் ஆண்டுப் பிழை உளதென அறியலாம்.

பழைய ஜீப்பு வாங்கக் கருதும் அன்பர்கள், மேற்பூச்சின் பளபளப்பில் மயங்காது சக்கரத்தின் உட்புறத்தைக் குனிந்து நோக்குவாராக. கை கறுக்கும் தொழில் கற்றார்க்கு இழிவென எண்ணுவாரும் உளர். நம் ஆண்டவர் தச்சர் எனப் பெயர் பெற்றவர் என்பதை அன்னார் நினைவிற் கொள்வாராக. உமணர் வண்டிக்கு அடியிற் கட்டிய மாற்றச்சை உவமையாகப் பாடிய புலவர், அத்தொழிலாளர் செயலை உற்று நோக்கியே பாடினார். யாமும் அவ்வாறு நோக்கப் பழகுதல், நூலறிவுக்கும் வழிச்செல்வோர் உயிருக்கும் ஒருங்கே காவலாம்.