ஓட்டை போட்ட டிஸ்க்கும் சொல்ல வேண்டிய குறையும்

புசல்லாவையில் ஸ்பெயார் பார்ட்ஸ் கடை நடத்தும் எனக்கு அடிக்கடி வரும் கேள்வி: "நானா, ஓட்டை போட்ட பிரேக் டிஸ்க் இருக்கா?" பார்வைக்கு ரேஸ் கார் போலிருப்பதால் இளைஞர்களுக்கு ஆசை. சாதாரண டிஸ்க்கை லேத் பட்டறையில் துளைத்து விற்போரும் உண்டு. இலாபம் நல்லதுதான்.

சென்ற மாதம் பாடசாலை வேனிலிருந்து கழற்றிய அப்படியொரு டிஸ்க்கைக் கொண்டுவந்து காட்டினார்கள். மூன்று ஓட்டைகளை இணைத்து வெடிப்பு ஓடியிருந்தது.

1,868 மீற்றர் உயரமான நுவரெலியாவிலிருந்து இறம்பொடை வழியாக நம் ஊருக்கு இறங்கும் வாகனம் வளைவுக்கு வளைவு பிரேக் பிடித்தே வருகிறது. வார்ப்பிரும்பு டிஸ்க் சூடேறி விரிந்து, ஆறிச் சுருங்கும்போது அழுத்தம் ஓட்டைகளின் ஓரத்தில்தான் குவிகிறது. ஓரத்தைச் சீவி மழுக்காமல் கூராக விட்டால் மயிரிழை வெடிப்பு அங்கே தொடங்கும். வெளிவிளிம்பை எட்டினால் டிஸ்க்கே பிளக்கலாம். நடுவே காற்றுப் போகும் டிஸ்க்கில், இரு தட்டுகளையும் இணைக்கும் தடுப்பைத் துளைத்துவிட்டால் இன்னும் மோசம். அந்தக்கால பேட்கள் சூட்டில் வெளியிட்ட வாயுவைப் போக்க வந்தவை இந்த ஓட்டைகள். இன்றைய பேட்களுக்குப் பெரும்பாலும் தேவையில்லை.

நனைந்த தானியத்தைக் குவியலுக்குள் மறைத்து விற்றவரை நபி (ஸல்) அவர்கள் கண்டித்த சம்பவம் ஸஹீஹ் முஸ்லிமில் உள்ளது. மக்கள் பார்க்கும்படி அதை மேலே வைத்திருக்கக் கூடாதா என்பதே அவர்களின் கேள்வி. நம் சரக்கின் ஈரம் அந்தக் கூரான ஓரம்தான்.

ஓட்டை டிஸ்க் கேட்போரிடம் இப்போது ஓரத்தை விரலால் தடவிப் பார்க்கச் சொல்கிறேன். பாதிப்பேர் சாதாரண டிஸ்க்கையே வாங்கிப் போகிறார்கள்.