படர்தாமரைக் களிம்பு: உபயோகிக்கும் முறையும் எச்சரிக்கையும்

சென்ற வேனிற்காலத்தில் மேனாம்பேட்டில் சிக்கன நாணயச் சங்கமொன்றின் கணக்குகளைப் பார்வையிடச் சென்றிருந்தேன். அங்கத்தினர் ஒருவர் இடுப்பை ஓயாது சொறிந்துகொண்டிருந்தார். அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில் நாள் முழுதும் வியர்வையில் நனைந்த உடையுடன் வேலை செய்பவர். விசாரித்தபோது, “ஐயா, கடையிற் கேட்டுக் களிம்பு வாங்கிப் போட்டேன். இரண்டே நாளில் அரிப்பு அடங்கிற்று. நிறுத்தினால் முன்னிலும் அதிகமாய் வருகிறது. ஆறு மாதமாய் இப்படியே” என்றார். அவர் காட்டிய டியூப்பில் நான் கண்ட விஷயத்தை அங்கத்தினர் யாவரும் அறிதல் நலம்.

படர்தாமரை இரத்தக் கெடுதியால் வருவதன்று. தோலின் மேற்பகுதியை உண்டு வளரும் பூஞ்சைக் காளானே அதற்குக் காரணம். ஈரமும் வெப்பமும் அதற்கு உகந்தவை. குளோட்ரிமசோல், டெர்பினாபைன், லுலிகோனசோல் முதலியன அக்காளானை ஒடுக்கும் மருந்துகள். ஆனால் சில கலவைக் களிம்புகளில் இவற்றோடு குளோபெட்டசால், பீட்டாமெத்தசோன் போன்ற ஸ்டீராய்டுகளும் சேர்ந்துள்ளன. இவை தோலின் எதிர்ப்புச் சக்தியை அடக்குவதால் சிவப்பும் அரிப்பும் மறையும். காளானோ நீறுபூத்த நெருப்பென உள்ளே பரவும். நீடித்துப் போட்டால் தோல் மெலியும். தொடையிடுக்கிலும் அக்குளிலும் விழும் கோடுகள் பெரும்பாலும் மாறா.

இக்கேட்டினை முன்னிட்டே 2018-ம் ஆண்டில் மத்திய சர்க்கார் 14 ஸ்டீராய்டு மருந்துகளின் களிம்புகளை வைத்தியர் சீட்டின்றி விற்கலாகாதென விதித்தனர். டெர்பினாபைனுக்கு அடங்காத காளான் வகையொன்றும் நம் நாட்டில் பரவியுள்ளது. 2020-ல் அதற்கு ‘டிரைக்கோபைட்டன் இன்டோட்டினியே’ எனப் பெயரிட்டனர்.

அனுசரிக்க வேண்டியவை:

1. வாங்குமுன் டியூப்பிலுள்ள சிறிய எழுத்துக்களைப் படிக்கவும். இயலாவிடில் படித்த பிள்ளைகளைக் கொண்டு படிப்பிக்கவும்.

2. இடத்தைக் கழுவி, ஈரம் போகத் துடைத்தபின், வளையத்தின் மேலும் அதைச் சுற்றி 2 சென்டிமீட்டர் அளவும் மெல்லியதாகத் தடவவும்.

3. வைத்தியர் சொன்ன காலம் வரை போடவும். தடம் மறைந்த பின்னும் 2 வாரம் தொடர்வது பொதுவழக்கம்.

4. சிறிது எரிச்சலோ சிவப்போ தோன்றலாம். கொப்புளம், வீக்கம், கடும் எரிச்சல் கண்டால் நிறுத்தி வைத்தியரை நாடவும். கண்ணிலும் வாயிலும் படலாகாது.

5. தலையிலும் நகத்திலும் வரும் காளானுக்குக் களிம்பு மட்டும் பெரும்பாலும் போதாது. கர்ப்பிணிகள், குழந்தைகள், நீரிழிவுடையோர் வைத்தியரைக் கேளாது எதனையும் போடவேண்டாம்.

6. துண்டு, உள்ளாடைகளைப் பொதுவில் வைக்காமல் வெந்நீரில் துவைத்து வெயிலில் உலர்த்தவும். வீட்டில் நோயுற்ற யாவரும் ஒரே காலத்தில் சிகிச்சை பெறவும்.

கலவைக் களிம்பை நெடுநாள் போட்டவர்கள் நிறுத்தும்போது சில நாட்கள் அரிப்பு மிகும். அதற்கு அஞ்சி மீண்டும் அதனையே தடவாது, வைத்தியரிடம் டியூப்பைக் காட்டுக. நாம் கண்ட அங்கத்தினர் ஆறு மாதமாய் வாங்கியது நோயை வளர்க்கும் மருந்தே. காசும் போயிற்று, தோலும் கெட்டது. இதனை அடுத்த பொதுக்கூட்டத்தில் வாசித்து, அண்டை வீட்டாருக்கும் எடுத்துரைப்பீர்களாக.