இயன்முறை மருத்துவக் கல்வியில் சம வாய்ப்பு

பெங்களூருக்குத் தெற்கே, ஓசூர்ச் சாலையை ஒட்டியுள்ள பொம்மசந்திரா ஒரு தொழிற்பேட்டையாகும். இத்தகைய ஓரிடத்தில், இயந்திரத்திற் சிக்கித் தொழிலாளி ஒருவரின் கை நசுங்கியதாகக் கொள்வோம். புண் ஆறியபின் அவரைப் பரிசோதிக்கும் இயன்முறை மருத்துவர், மூட்டு மடங்கும் அளவைக் கோணமானியால் அளக்கிறார். தசையின் வலிமையை 0 முதல் 5 வரை மதிப்பிடுகிறார். இழப்பைக் கணக்கிடுவதோடு அவர் நிற்பதில்லை. எஞ்சிய ஆற்றல் யாது, அதைக்கொண்டு எவ்வேலையைச் செய்யலாம், எந்தத் துணைக்கருவி வேண்டும் என்பனவற்றையும் ஆராய்கிறார். இத்துறையைக் கற்க வரும் மாற்றுத்திறனாளி மாணவரைக் குறித்தும் இவற்றையே ஆராய்தல் முறையாகும்.

இதற்குச் சான்று நம் நாட்டிலேயே உண்டு. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் பணியாற்றிய டாக்டர் மேரி வர்கீஸ், 1954-இல் நேர்ந்த விபத்தில் இடுப்புக்குக் கீழே உணர்வும் இயக்கமும் இழந்தார். எனினும், சக்கர நாற்காலியில் அமர்ந்தவாறே தொழுநோயாளரின் கைகளுக்கு அறுவைச் சிகிச்சை செய்தார். பின்னர் நியூயார்க்கில் மறுவாழ்வு மருத்துவம் பயின்று, வேலூரில் அத்துறைக்குத் தலைமை தாங்கினார். 1966-இல் அங்கு மறுவாழ்வு நிலையம் திறக்கப்பட்டது. 1972-இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கப்பெற்றது.

முதல் உலகப் போரில் பார்வையிழந்த வீரர் சிலருக்கு லண்டனில் மசாஜ் சிகிச்சை கற்பிக்கப்பட்டது. தசையின் இறுக்கத்தை விரல்களால் உணர்வதற்குக் கண் இன்றியமையாததன்று என்பதை அவர்தம் பணி மெய்ப்பித்தது.

2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி, அரசு மற்றும் அரசு உதவி பெறும் உயர்கல்வி நிறுவனங்கள், 40 சதவீதமோ அதற்கு மேலோ குறைபாடுள்ளோர்க்குக் குறைந்தது 5 சதவீத இடங்களை ஒதுக்குதல் வேண்டும். சதவீத அளவு ஒன்றையே காரணங்காட்டி மருத்துவப் படிப்பில் இடம் மறுக்கலாகாது என்றும், படிப்பைத் தொடர இயலுமா என்பதை ஆராய்ந்தே முடிவு செய்ய வேண்டும் என்றும் 2024-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

நோயாளியின் பாதுகாப்புக்கு இதனால் ஊறு நேருமோ என்று சிலர் ஐயுறலாம். நோயாளியைப் படுக்கையிலிருந்து நாற்காலிக்கு மாற்றுவதை எடுத்துக்கொள்வோம். அவர் விழாமல் மாற்றப்பட வேண்டும் என்பதே இங்குத் தளர்த்தக்கூடாத அளவுகோல். அதனை மாணவர் தம் தோள்வலியாற் செய்யலாம், தூக்குகருவியால் செய்யலாம், உதவியாளருக்கு வழிகாட்டியும் செய்விக்கலாம். ஆகவே கல்லூரிகள், செயலின் பயனை வரையறுத்து, அதனை அடையும் வழியை மாணவரின் ஆற்றலுக்கேற்ப அமைத்துத் தருதல் வேண்டும். நோயாளிக்குப் பொருந்தும் இவ்விதி மாணவருக்கும் பொருந்துவதே.